மோரீனின் குழலும் ஒன்பது ஈர்க்குச்சிகளும்

அருண், ஜெசி இருவருக்கும்,

நான் அனுப்பிய லேத் பத்திரமாக டெக்ஸாஸ் வந்து சேர்ந்தது என்ற உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. அதன் அடியில், "சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் எழுதி அனுப்புங்க, நாங்க கத்துக்கறோம்" என்று ஒரு வரி. அதை என் மனைவி கோமதியிடம் பெருமையாகக் காட்டினேன். "உங்களத்தான் கேட்டிருக்காங்களா? அட்ரஸ் மாறி வந்திருக்கப் போவுது, நல்லாப் பாருங்க" என்றாள்.

இலன் பைப் செய்யும் தொழிலிலிருந்து முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்பது கௌரவமான சொல். கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் வேலை கிடைத்தது. அங்கே நாங்கள் பிடித்திருக்கும் வீட்டில் லேத்தை உள்ளே வைத்தால் நாங்கள் பால்கனியில் படுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் அறிவுரை சொல்லும் உரிமை உண்டு என்பதால் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

ஜெசியின் அம்மா இதைப் படிப்பார் என்று தெரியும், அவருக்காக ஒரு பத்தி. ஆன்ட்டி, இது அயர்லாந்துக்காரர்களின் வாத்தியம். வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தி, இடது முழங்கைக்கு அடியில் ஒரு தோல்பை. விரல்கள் ஓடுவதற்கு ஒரு குழல். மடியில் ஒத்து ஊத மூன்று குழல்கள். நம் நாயனத்தில் இருப்பதுபோலவே குழலின் தலையில் ஒரு சீவாளி, நம்முடையதைவிடத் தொட்டாற்சிணுங்கி. எங்கள் சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடித்தால் போதும், அது விரிந்து வேறு சுருதிக்குப் போய்விடும். உங்கள் மகள் ஏன் இதற்காக நல்ல ப்ராஜெக்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். என் மாமனார் என்னைக் கேட்டபோதே என்னிடம் பதில் இல்லை.

சீவாளி சீவும் விதம், துளையிடும் அளவு இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் கை பழகினால் வரும். வராவிட்டால் எனக்கு வந்ததுபோல இரண்டு வருடம் கழித்து வரும். நான் எழுதப் போவது, ஒரு புதன்கிழமை மாலை, நல்ல மனத்தோடு, யாரும் கேட்காமலே, அடுத்தவருடைய குழலை நான் நாசம் செய்ததைப் பற்றி.

மோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். பேருந்துக் கதவில் வலது சுண்டுவிரல் மாட்டி, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. குழலின் கடைசித் துளைக்கு அந்த விரல் எட்டவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் அப்போது நாங்கள் இருந்த அபார்ட்மெண்டுக்கு வந்து, விரலையும் குழலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு பித்தளைக் கீ வைத்து, அதை அமுக்கினால் துளை மூடும்படி செய்து தர வேண்டும். அக்டோபர் முதல் சனிக்கிழமை அவர் மகன் கெவினுக்குக் கல்யாணம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்:

"என் பையன் டிஜே வச்சிருக்கான். பைப் எல்லாம் வேண்டாம்மா, பொண்ணு வீட்ல யாரோ ஆட்டக் கழுத்தப் பிடிச்சு அமுக்கறாங்கன்னு நெனைப்பாங்கன்னான். ரெண்டு மாசம் அவன்கூட பேசல. அப்புறம் மூணு நிமிஷம் குடுத்தான். ஒரே ஒரு பாட்டு. அதுல ஒரு இடம் பிசகினாலும் அவன் சொன்னது சரின்னு ஆயிடும். அத மட்டும் என்னால தாங்க முடியாது."

மூன்று வாரத்தில் கீயைச் செய்து முடித்தேன். தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன், அழகான கீ. தற்பெருமை இல்லாமல் அதைப் பன்னிரண்டு கோணங்களில் புகைப்படமும் எடுத்தேன். வெள்ளிக்கிழமை மாலை மோரீன் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த வாரம் புதன்கிழமை ஆயுத பூஜை.

அமெரிக்கா வந்தபின் ஊரில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பக்தியோடு பண்டிகை கொண்டாடுகிற ஆள் நான். காரைக் கழுவினேன். கம்ப்யூட்டர் கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினேன். லேத், அரம், சீவாளிக் கத்தி எல்லாம் துடைத்து வரிசையாக வைத்தேன். அப்போது மோரீனின் பைப் கண்ணில் பட்டது. வீட்டில் இருக்கும்வரை அதுவும் நம் ஆயுதம்தானே? எடுத்துப் பார்த்தால் ஒரே அழுக்கு. துளைகளின் ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டுகள். ஒரு துளையில் மெழுகு அப்பிக் கிடந்தது. இவ்வளவு நல்ல குழலை இந்த அம்மா இப்படியா வைத்திருப்பார் என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

டேப்பை உரித்தேன். பிசினை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மெழுகைப் பல்குச்சியால் சுரண்டினேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன். கம்பியில் துணி சுற்றிக் குழலின் உள்ளே விட்டு இழுத்தபோது, ஒரு சாண் நீளத்தில் காய்ந்த குச்சி ஒன்று கூடவே வந்தது. எந்தப் பூச்சி கூடு கட்டியதோ என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டேன்.

கோமதி சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "அதெல்லாம் எடுக்கலாமாங்க? அவங்களக் கேட்டீங்களா?"

"சர்ப்ரைஸ்" என்றேன்.

தோல்பை, துருத்தி, குழல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. தொட்டிருந்தால், வாசித்துப் பார்த்திருந்தால், அன்றே தெரிந்திருக்கும். அந்த வகையில் சாஸ்திரம் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்தது. அதற்கு நன்றி.

வியாழன் காலை விஜயதசமி. லீவு போட்டிருந்தேன். கற்பூரம் காட்டி, பைப்பை மடியில் வைத்து, துருத்தியை இரண்டு அமுக்கு அமுக்கி ஒரு ஸ்வரத்தைப் பிடித்தேன். ஏதோ பிசகு. மேலே போனேன். கீழே ஒரு சட்ஜம் இருந்தது. மேலே அதற்குச் சம்பந்தமே இல்லாத, வேறு வீட்டுச் சட்ஜம் ஒன்று இருந்தது. நடுவில் இருந்தவை எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் நின்றன.

கோமதி அலுவலகத்துக்குச் சுண்டல் கட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ரெண்டு பேர் சண்டை போடற மாதிரி இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. நான் அழுக்கு என்று உரித்தது அழுக்கு இல்லை. டேப் துளையைக் கொஞ்சம் மறைத்து ஒரு ஸ்வரத்தை இறக்கியிருந்தது. மெழுகு இன்னொன்றை. உள்ளே இருந்த குச்சி குழலின் வயிற்றைக் கொஞ்சம் ஒடுக்கி, மேல் ஸ்தாயியையும் கீழ் ஸ்தாயியையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. இந்தத் தொழிலில் நாணல் தண்டைக் குழலுக்குள் செருகுவது ஒரு பழைய வழக்கம் என்று நானே நாலு பேருக்கு விளக்கியிருக்கிறேன். விளக்குவது வேறு, குச்சியை நேரில் பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தச் சமயம் பகலில் எனக்கு ஒய்2கே வேலை, அதாவது இரண்டாயிரமாம் வருடம் பிறப்பதற்குள் பழைய ப்ரோக்ராம்களில் தேதியைத் திருத்துவது. இருபது வருடப் பழைய ப்ரோக்ராமில் எதற்கு இருக்கிறது என்றே தெரியாத ஒரு வரியை எடுக்க வேண்டுமானால், மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். அந்த விதியைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கோமதிக்கு பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அவள் திட்டவில்லை. செருப்பை மாட்டியபடி ஒரு பேடும் பேனாவும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எதெது எடுத்தீங்க, எங்கேர்ந்து எடுத்தீங்க, எழுதுங்க."

"டேப் மூணு... நாலு இருக்கும்."

"மூணா, நாலா?"

"ஞாபகமில்ல."

"எந்தத் துளையில?"

நான் சுண்டலைப் பார்த்தேன்.

"பன்னெண்டு போட்டோ எடுத்தீங்களே, அது எப்ப? தொடைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி! கேமராவின் ஃபிலிம் சுருளில் இன்னும் ஒன்பது படம் பாக்கி இருந்தது. ஃபிரிட்ஜ், சோபா, ஜன்னல், மறுபடியும் ஃபிரிட்ஜ் என்று சுட்டுத் தீர்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் கழுவித் தரும் கடைக்கு ஓடினேன். படங்களில் என் கீ பளிச்சென்று இருந்தது. அதன் பின்னால், மங்கலாக, யாருக்கும் வேண்டாத மாதிரி, டேப் துண்டுகள். நான்கு. மெழுகு இரண்டாம் துளையில். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அதே அகலத்தில் வெட்டி ஒட்டினேன். பாதி ஸ்வரங்கள் வீடு திரும்பின. இரண்டு சட்ஜமும் மட்டும் சமாதானமாகவில்லை. குச்சி வேண்டும்.

அபார்ட்மெண்டின் பின்னால் பெரிய குப்பைத் தொட்டி. உள்ளே இறங்கினேன். எங்கள் பூஜைக் குப்பை இருந்த பையைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது, கீழ்வீட்டு சேவியர் அங்கிள் கையில் தபாலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வேலை போயிடுச்சா?"

"இல்ல அங்கிள், ஒரு குச்சி..."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னப்பா? எல்லாருக்கும் வர்றதுதான். ரெஸ்யூமே குடு, எங்க ஆபீஸ்ல கேக்கறேன்."

அன்று மாலைக்குள் இரண்டு வீடுகளிலிருந்து அனுதாபமும், ஒரு வீட்டிலிருந்து சாம்பாரும் வந்தன.

பையைச் சமையலறையில் கொட்டினேன். சாமந்திப் பூ, வாழைப்பழத் தோல், ஊதுபத்தித் தண்டு. பூஜைக்காக நான் வீட்டை வேறு பெருக்கியிருந்தேன், ஊரிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த தென்னந்துடைப்பத்தால். அது பழையது. பெருக்கப் பெருக்க ஒடியும். ஆகவே குப்பையில் ஒன்றல்ல, ஒன்பது குச்சிகள் இருந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே நிறம். எல்லாவற்றின் மேலும் வாழைப்பழம். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாகக் குழலுக்குள் விட்டு வாசித்துப் பார்த்தேன். ஒன்பதும் ஒன்பது விதமாகத் தப்பாக ஒலித்தன. எது மோரீனுடையது, எது எங்கள் துடைப்பம் என்று எனக்குத் தெரியவில்லை. மணி பகல் இரண்டு.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னிடம் ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை பைப்பைக் கொடுத்துவிட்டு, "ஹீட்டர் போட ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க, சீவாளி கொஞ்சம் முரண்டு பிடிக்குது" என்று சொல்லலாம். நம் தொழிலில் எந்தத் தப்பையும் வானிலை மேல் போடலாம். யாராலும் மறுக்க முடியாது. அந்த வாக்கியத்தை நான் மனத்துக்குள் இரண்டு தடவை திருத்திக்கூட வைத்துவிட்டேன். நல்ல வாக்கியம். கோமதிக்கு போன் செய்து அதை வாசித்தும் காட்டினேன்.

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சா அவங்களுக்கு ஒரு ராத்திரிதான் இருக்கும்" என்றாள். "இப்பத் தெரிஞ்சா ரெண்டு நாள் இருக்கு. அந்த ஒரு நாள் அவங்களோடது. அத ஏன் நீங்க எடுத்து வச்சுக்கறீங்க?"

போனை வைத்துவிட்டு மோரீனுக்கு அடித்தேன். எத்தனை தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினேன் என்பது வேண்டாம்.

நாலரை மணிக்கு எங்கள் வாசலில் ஒரு மஞ்சள் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. மோரீன் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். உள்ளே வந்தவர் தோல்பையின் மேல் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு அடிபட்டுது?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். டேப், மெழுகு, பூஜை, குப்பைத் தொட்டி. மேசைமேல் வரிசையாக வைத்திருந்த ஒன்பது குச்சிகளையும் காட்டி, "இதுல உங்களோடது எதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஒன்பதையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ள குச்சி இருந்துச்சா?"

இருபது வருடங்களுக்கு முன் யாரிடமோ வாங்கிய குழல். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது. எனக்கு இருந்த கடைசி நம்பிக்கை அதுதான், அதுவும் போயிற்று. மோரீன் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அழப்போகிறாரோ என்று நான் டிஷ்யூ டப்பாவை நகர்த்தினேன்.

"அத அந்தப் பக்கம் வை" என்றார். "துருத்தியக் குடு."

நான் சுருதி காட்டும் மெஷினை எடுத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொரு ஸ்வரமாகச் சரி பார்க்கத் தயாரானேன். மோரீன் கை நீட்டி அதை அணைத்தார்.

"சனிக்கிழமை கல்யாணத்துக்கு இந்த மெஷினா வருது?"

அவர் அந்தப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். மெதுவான பாட்டு. ஒரு வரி வாசிப்பார், முகம் சுளிப்பார், நிறுத்துவார். நான் வேறு குச்சியைச் செருகுவேன். ஐந்தாவது குச்சியில் சுளிப்பு குறைந்தது. கோமதியின் நகவெட்டியால் அதன் நுனியில் மயிரிழை அளவு வெட்டினேன். மறுபடி. இன்னும் ஒரு மயிரிழை. வெட்டியதை ஒட்ட முடியாது. ஆறரை மணி சுமாருக்கு, அவர் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசித்தார். அதற்குள் வீடு திரும்பியிருந்த கோமதி, பையைத் தோளில் இருந்து இறக்காமல் சுவர் ஓரமாக நின்றாள்.

நான்தான் வாயைத் திறந்தேன். "மேல ஒரு ஸ்வரம் இன்னும் சரியா இல்ல. இன்னும் கொஞ்சம் வெட்டினா..."

"அது இந்தப் பாட்டுல வருதா?"

"இல்ல."

"அப்ப கைய எடு."

எடுத்தேன். ஏழு வருடத் தொழிலில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். அதையும் நான் எடுக்கவில்லை.

சனிக்கிழமை எங்களையும் கூப்பிட்டிருந்தார். அந்த மண்டபத்தில் பட்டுப்புடவை கோமதி ஒருத்திதான். மோரீன் ஊதா உடையில், மடியில் பைப்போடு உட்கார்ந்தார். தோல்பையில் சந்தனம் காய்ந்து இருந்தது; துடைக்கவில்லை. டிஜே பாட்டை நிறுத்தினான். கெவின் மணப்பெண்ணோடு நின்றுகொண்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான்.

யாரும் சிரிக்கவில்லை. மூன்று நிமிடம். அந்தக் கோணல் விரல் ஒவ்வொரு தடவையும் கீயைத் தேடிப்போய்ச் சரியாகத் தொட்டது. கடைசி ஸ்வரம் ஓய்ந்தது. அப்புறம் பெண்ணின் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். கெவின் ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி, "இன்னொண்ணு வாசிம்மா!" என்றான்.

மோரீன் தலையைத் தூக்கி, அத்தனை மேசைகளையும் தாண்டி, என்னைப் பார்த்தார்.

அவருக்கு நாற்பது பாட்டாவது தெரியும். அந்த மேல் ஸ்வரம் இல்லாத பாட்டு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். நான் என் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

அவர் துருத்தியை ஒரு அமுக்கு அமுக்கி, அதே பாட்டை இன்னொரு தடவை வாசித்தார். கொஞ்சம் வேகமாக.

அதற்கும் கை தட்டினார்கள். கெவின் நண்பர்களிடம், "எங்கம்மாவுக்கு இந்த ஒண்ணுதான் தெரியும், ஆனா பிரமாதமாத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மோரீன் பக்கத்தில் நின்று சிரித்தார். அவனைத் திருத்தவில்லை. அவர் என்னை வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமைதோறும் மோரீனை உட்காரவைத்து, மீதி முப்பத்தொன்பது பாட்டையும் கேட்டு, குழலைச் சரி செய்தேன். ஒவ்வொரு டேப் துண்டையும் கோமதி பேடில் வரைந்து தேதி போட்டாள். அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மோரீன் தானாகவே பைப்போடு வந்து நின்றார். குழலின் இரண்டு முனையையும் பேருந்து சீட்டுக்கு ஒட்டும் டேப்பால் இறுக்கி அடைத்திருந்தார். "பொட்டு மட்டும்" என்றார்.

லேத்தோடு நான் அனுப்பிய மரப்பெட்டியை நீங்கள் இன்னும் திறந்திருக்க மாட்டீர்கள். திறந்ததும் உங்களுக்குச் சுத்தம் செய்யத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடியில், கோமதியின் கையெழுத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே, மோரீனின் குழலுக்குள் போனது போக மீதிக் குச்சிகள். அவற்றில் ஒன்று மோரீனின் பழைய குச்சியாக இருக்கலாம். எல்லாமே எங்கள் வீட்டுத் துடைப்பமாகவும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. எறிவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்க வேண்டும்.